இடது பக்க ஸ்பீக்கர்

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். தீபாவளிக்கு முந்தைய மழைக்காலம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தறி. நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு, பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், கம்ப்யூட்டர் கேம். பெண்பிள்ளை துப்பாக்கி சுடுகிற விளையாட்டு விளையாடுவது தெருவில் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. "நாள் பூரா கம்ப்யூட்டர்ல அன்னமும் மயிலும் வரைஞ்சிட்டு, வூட்டுக்கு வந்து அதுலயே டுமீல் டுமீல்னு சுட்டுக்கினு இருக்குதுபா இது" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கண்டுகொள்ள மாட்டேன். எனக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. கை துறுதுறுவென்று எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்குத் தோதான விளையாட்டு அது.

நானும் அண்ணனும் சேர்ந்து காசு போட்டு, நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். ஒரே கம்ப்யூட்டர்தான் என்பதால் எங்களுக்குள் ஒரு சட்டம். ஆட்டத்தில் செத்துப்போனால் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் உட்காருவார்.

அந்த மாதிரி விளையாட்டில் கண்ணைவிடக் காது முக்கியம். சுவருக்குப் பின்னால் எதிரி நடந்து வருகிற காலடி இடது பக்கம் கேட்கிறதா, வலது பக்கம் கேட்கிறதா என்பதை வைத்துத்தான் திரும்ப வேண்டும். எங்களிடம் இருந்த ஹெட்போனின் ஒயர் அறுந்துபோனதும், ஸ்பீக்கர் வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

அண்ணனுக்குத் தரையில் வைக்கிற பெரிய ஊஃபர் மேல் ஆசை. குண்டு வெடித்தால் நாற்காலி அதிர வேண்டும் அவனுக்கு. அப்பா தறியில் உட்கார்ந்தபடியே, "இருக்குற சத்தம் பத்தலையா உங்களுக்கு?" என்றார். அதுவும் போக, கம்ப்யூட்டர் இருந்த சுவரில் பிளக் பாயிண்ட் காலியாக இல்லை. அப்போதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும். யூ.பி.எஸ்.ஸில் சி.பி.யூ.வும் மானிட்டரும் மட்டும்தான் தாங்கும். அதனால் கம்ப்யூட்டரிலிருந்தே யூ.எஸ்.பி. ஒயர் வழியாகக் கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர்தான் சரி என்று நான் அடித்துச் சொன்னேன். தேர்ந்தெடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பொறுமைசாலி. நாலைந்து ஜோடி ஸ்பீக்கர்களைப் பிரித்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றாக மாட்டி, நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்றில் பாட்டு நன்றாக இருந்தது, காலடிச் சத்தம் அமுங்கிப்போனது. இன்னொன்றில் சத்தம் கூட்டினால் பிளாஸ்டிக் பெட்டியே நடுங்கியது. கடைசியில் பார்க்க மிகச் சாதாரணமாக இருந்த ஒரு கறுப்பு ஜோடியில்தான் இடது வேறு, வலது வேறு என்று பிரித்துப் பிரித்துக் கேட்டது.

"இதுல ஒண்ணு சொல்லிடுறேன் மேடம்" என்றார் அவர். "கம்ப்யூட்டர்லர்ந்து கரண்ட் எடுக்கறதால லேசா ஒரு உர்ர்னு சத்தம் வரலாம். வந்தா பின்னாடி இருக்குற போர்ட்ல மாட்டிப் பாருங்க. அப்பவும் போகலைன்னா எடுத்துக்கினு வாங்க, மாத்தித் தர்றேன்."

அந்த வார்த்தை என் மனதில் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாட்டியபோது உர்ர் சத்தம் எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. நான் சாகாமலே வெகுநேரம் விளையாடினேன். அண்ணன் பின்னால் நின்று நின்று கால் வலித்து, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாள் வேலையிலிருந்து வரும்போது மழையில் நன்றாக நனைந்தேன். சளி பிடித்தது. அதற்கு மறுநாளோ என்னவோ, காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது. காதுக்குள் ஓர் உர்ர் சத்தம். மூக்கைச் சிந்தினேன், எச்சிலை விழுங்கினேன், தலையைச் சாய்த்துக் குதித்தேன். போகவில்லை. சளி என்றால் இதெல்லாம் இருக்கும்தானே என்று ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரம்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டால், ஸ்பீக்கரில் உர்ர் என்று சத்தம். கடைக்காரர் சொன்ன அதே உர்ர். போதாக்குறைக்கு இடது ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்தே வந்தது. முன்னால் இருக்கிற போர்ட், பின்னால் இருக்கிற போர்ட் எல்லாவற்றிலும் மாற்றி மாற்றி மாட்டினேன். ஒயரை முறுக்கிப் பார்த்தேன். மேஜையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டேன். டியூப்லைட்டால் இருக்குமோ என்று அதை அணைத்தேன், ஃபேனை நிறுத்தினேன். உர்ர்ர்.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து விளையாடினான். "நல்லாத்தான கேக்குது?" என்றான்.

"லெஃப்ட்ல வருதா?"

"வருதே."

"பொய் சொல்லாத. நீ ஜெயிக்கறதால அப்படிச் சொல்ற."

"அட, கேக்குதுபா! இதுல இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறேன்?"

நான் உட்கார்ந்ததும் செத்தேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி செத்தேன். ஒவ்வொரு முறையும் இடது பக்கமிருந்து வருகிறவன்தான் சுட்டான். "லெஃப்ட்ல ஆள் வர்றான், லெஃப்ட்ல! ஐயோ, கேக்கலையா உனக்கு?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போடாத குறையாக ஸ்பீக்கரை மாற்றி வாங்கி வந்தேன். அதே மாடல், புதுப் பெட்டி. வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே உர்ர். அதே இடது பக்கம்.

அந்த இரண்டு மூன்று நாளும் நான் நானாகவே இல்லை. எதைத் தொட்டாலும் எரிச்சல். ஆபீஸில் மயில் கழுத்தை வரைந்துவிட்டு அழிப்பேன், வரைந்துவிட்டு அழிப்பேன். யாராவது கூப்பிட்டால் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பேன். சில சமயம் நடக்கும்போது தரை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். எல்லாவற்றுக்கும் சளி என்று ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது. அம்மா வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். "தீபாவளி முடியட்டும், சரியாப் போயிடும்" என்றார், தலையாட்டினேன். உடம்புக்குச் சளி, ஸ்பீக்கருக்குக் கோளாறு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும், வீட்டுக்கு ஓடி ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குக் கிளம்பினேன். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற கோபம். தீபாவளிக்குச் சேலை எடுக்க வெளியூர் வண்டிகள் குவிந்து, காந்தி ரோட்டில் நடக்கவே இடமில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க இறங்கி, பாதி ரோட்டைத் தாண்டினேன். பஸ் ஹார்ன் கேட்டது. வலது பக்கம் கேட்டது. வலது பக்கம் பார்த்தபடியே இடது பக்கம் ஒதுங்கினேன்.

பஸ் இடது பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

பிரேக் போட்ட சத்தமும், யாரோ ஒரு பெண் "ஐயையோ!" என்று அலறிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. திரும்பினால் பஸ்ஸின் முன்கண்ணாடி என் முகத்துக்கு நேரே நிற்கிறது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, காது செவிடா? அடிச்சிக்கினே வர்றேன், நேரா வண்டில வந்து வுழற!" என்று கத்தினார்.

அந்தப் பயம்கூட எனக்குக் கோபமாகத்தான் மாறியது. இந்த ஸ்பீக்கரால்தானே இந்த அலைச்சல் என்று மாடிப்படியில் தடதடவென ஏறினேன்.

கடையில் எனக்கு முன்னால் ஒரு மாமி நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கையில் துணிப்பை. வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் கம்ப்யூட்டரில் பேச ஒரு ஹெட்செட் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டியை மேஜை மேல் பொத்தென்று வைத்தேன்.

"இது மூணாவது வாட்டி. நான் வேற வேலை பார்க்க வேணாமா? இடது பக்கம் கேக்கவே மாட்டேங்குது. உர்ருனு சத்தம் வேற. ஏமாத்துறதுக்கு ஒரு அளவு இல்லையா?"

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பெட்டியைப் பிரித்து, கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு பாட்டைப் போட்டார். "ரெண்டு பக்கமும் வருதே மேடம்."

"எங்க வருது? இதுல மட்டும்தான் வருது." நான் வலது ஸ்பீக்கரைத் தட்டிக் காட்டினேன்.

அவர் அந்த மாமியைப் பார்த்தார். "நீங்க கேளுங்க மாமி, ரெண்டுலயும் வருதா இல்லையா?"

மாமி ஸ்பீக்கர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து என் வலது பக்கத்தில் நின்றார். "கொழந்தே, நீ கொஞ்சம் திரும்பி நில்லு. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிண்டு."

"எதுக்கு?"

"நில்லேன். கோச்சுக்காதே."

திரும்பி நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்போ எந்தப் பக்கம் கேக்கலை?"

"இந்தப் பக்கம்" என்று இடது கையை நீட்டினேன். நீட்டிய கையைத் தொடர்ந்து என் கண்ணும் திரும்பியது. என் கை காட்டியது நான் சற்றுமுன் தட்டிக் காட்டிய அதே ஸ்பீக்கரை. நன்றாக வேலை செய்கிறது என்று நானே சொன்ன ஸ்பீக்கரை.

மாமி மெதுவாக, "உர்ர்னு சத்தம் சொன்னியே, அது இப்போ கேக்கறதா?" என்றார்.

"கேக்குது."

அவர் கடைக்காரரிடம் கண்ணைக் காட்டினார். கடைக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். அவர் கையில் ஸ்பீக்கரின் யூ.எஸ்.பி. ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றுபோயிருந்தது. ஒயர் எதிலும் மாட்டியிருக்கவில்லை.

"புடுங்கிட்டேம்மா" என்றார் அவர். மேடம் என்பது எப்போது அம்மாவாக மாறியது என்று தெரியவில்லை.

உர்ர்ர் என்று என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து வந்தது, "சளி பிடிச்சிருக்குது, அதான் அடைச்சிக்கினு இருக்குது" என்பதுதான். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

மாமி குனிந்து என் முகத்துக்கு நேராகப் பேசினார். "எத்தனை நாளா?" நான் சொன்னேன். "டாக்டர்கிட்டப் போனியா?" இல்லை என்றேன். "காதுல எண்ணெய் கிண்ணெய் விட்டாளா ஆத்துல?" இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. எழுந்துரு. இப்பவே போகலாம்."

"தீபாவளி முடியட்டும்னு அம்மா..."

"தீபாவளிக்கெல்லாம் காது காத்துண்டிருக்காது" என்றார். அந்தக் குரலில் இருந்த கண்டிப்பைக் கேட்டு என் கால் தானாக எழுந்துகொண்டது.

வாங்க வந்த ஹெட்செட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு என்னைப் படியிறக்கினார். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அவரைத்தான் ஏமாற்றுக்காரர் என்று கத்தியிருந்தேன். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டோவில் மாமி என்னை முதலில் ஏற்றி, சுற்றிக்கொண்டு போய் என் வலது பக்கம் உட்கார்ந்தார். "எனக்கும் இடது காது கேக்காது. நீ உக்காந்திருக்கற பக்கம்தான் எனக்குச் செவிடு. அதனால நீ பேசினா எனக்குக் கேக்காது. பரவாயில்லை. நான் பேசறேன், நீ கேளு" என்றார்.

போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் ஒருநாள் காலையில் இப்படித்தான் ஆனதாம். வழக்கமாக இடது காதில் வைத்துப் பேசுகிற டெலிபோனில் ஒன்றும் கேட்கவில்லையாம். டெலிபோன்தான் ரிப்பேர் என்று புகார் கொடுத்து, ஆள் வந்து கருவியையே மாற்றிவிட்டுப் போனாராம். அப்புறம் சளி என்றார்களாம், அழுக்கு என்றார்களாம், எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்களாம். நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்றார்களாம். கல்யாணமெல்லாம் முடிந்து சென்னைக்குப் போனபோது, அங்கே இருந்த டாக்டர், "கேட்காமல் போன உடனே வந்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னாராம்.

நான் பேசினாலும் அவருக்குக் கேட்காது என்பது அந்த நேரத்தில் ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

காது டாக்டரின் கிளினிக் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்தது. நல்ல கூட்டம். மாமி நேராக உள்ளே போய் என்ன சொன்னாரோ, எங்களை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அழுக்கும் இல்லை, சீழும் இல்லை என்றார். இரும்புக் கவைக்கோல் மாதிரி ஒன்றைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

அவர் முகம் மாறியது. "சளியால அடைச்சிருந்தா, அடைச்ச காதுலதான் இது தூக்கலாக் கேக்கணும். உனக்கு நல்ல காதுலதான் கேக்குது. இது நரம்பும்மா. திடீர்னு வர்றது. எதனால வருதுன்னு பல பேருக்குத் தெரியாமலேயே போயிடும்." அன்றைக்கே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லி, சென்னையில் ஒரு டெஸ்ட்டுக்கும் எழுதிக் கொடுத்தார்.

"திரும்ப வந்துடுமா சார்?" என்றேன்.

"வரலாம். கொஞ்சம் வரலாம், முழுசாவும் வரலாம். வராமலும் போகலாம். ஆனா சீக்கிரமா வந்துட்ட. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நான் இவ்வளவுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் மாமி முதல் மாத்திரையை அங்கேயே போட வைத்தார். எதிரே இருந்த கடையில் இரண்டு இட்லி சாப்பிடச் சொல்லி, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, விழுங்கும் வரை நின்றார். வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று கேட்டு ஆட்டோ ஏற்றிவிட்டார். "நான் சின்ன காஞ்சிபுரம். பெருமாள் கோயில் பக்கத்துல கணக்கு டியூஷன் மாமின்னு கேட்டா யாரும் சொல்லுவா. என்ன ஆச்சுன்னு வந்து சொல்லு" என்றார். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் நன்றி என்ற ஒரு வார்த்தையைக்கூட நான் சொல்லவில்லை என்று உறைத்தது.

வீட்டில் ஒரு பூகம்பம். "யாரோ ஒரு பொம்பள கூப்ட்டாங்கன்னு ஆட்டோ ஏறிப் போயிடுவியா?" என்று ஆரம்பித்த அம்மா, நரம்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வெளிய யாருக்கும் சொல்லாதமா. வரன் பார்க்குற நேரம்" என்றார். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். டாக்டர் சொன்ன மாத்திரையைத் தவறாம போடட்டும்" என்றார். அண்ணன்தான் பாவம். "நான் அப்பவே லெஃப்ட்ல கேக்குதுன்னு சொன்னேனே... இது இன்னான்னு யோசிக்காம வுட்டுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. அந்த மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது. எப்போது பார்த்தாலும் பசி. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். தறிக்கும் அடுப்படிக்கும் நடுவே கூண்டில் அடைத்த நாய் மாதிரி நடந்துகொண்டிருப்பேன். நடந்தபடியே இடது காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்ப்பேன். சத்தம் இல்லை. வலது காதில் தேய்ப்பேன், சரசரவென்று கேட்கும். மறுபடி இடது. ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படித் தேய்த்திருப்பேனோ! அண்ணன் வேறு, எதிர்பாராத நேரத்தில் இடது பக்கம் வந்து நின்று, "கேக்குதா?" என்பான். அவன் வாய் அசைவதைப் பார்த்துதான் எனக்குத் தெரியும். ஒருநாள் தாங்காமல் தலையணையை எடுத்து அவன் மேல் வீசினேன். அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். நிறுத்தியது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சென்னை டெஸ்ட்டில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். வலது காதின் கோடு மேலே நேராகப் போனது. இடது காதின் கோடு எங்கோ கீழே கிடந்தது. அந்தக் காகிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். பார்த்தால் மேலே ஏறிவிடுமா என்ன? ஆனாலும் பார்த்தேன்.

தீபாவளி அன்று பட்டாசு சத்தம் ஆகாது என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளறையில் இருந்தேன். பிள்ளையார்பாளையம் முழுக்க வெடித்துத் தீர்த்தது. எனக்கு ஜன்னல் கதவு அதிர்வது மட்டும் தெரிந்தது. இனிமேல் வாழ்க்கை இப்படித்தானோ என்று முதல்முறையாக அன்று பயந்து அழுதேன். மாத்திரையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். குறைக்கிறார்கள் என்றால் இனி வராது என்று அர்த்தமா என்று அதையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு மத்தியானம், சேலை ஓரத்துக்கு ஒரு கொடி வரைந்துகொண்டிருந்தேன். வேலை மும்முரம். "ஸ்டேப்ளர் இருக்குதாபா?" என்று ஒரு குரல். மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் கொடுத்தேன். கூட வேலை பார்க்கிற பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அது இடது கை. நான் இடது பக்கம் நீட்டியிருந்தேன்.

அவளை மறுபடி கூப்பிட்டு, "நீ எங்க நின்னு கேட்ட? சத்தமாவா கேட்ட?" என்றேன். "இங்கதான்பா நின்னேன். மெதுவாத்தான் கேட்டேன், இன்னா ஆச்சு?" என்றாள். நான் காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்தேன். எங்கேயோ தூரத்தில் மணலில் யாரோ நடக்கிற மாதிரி ஒரு சத்தம். மானிட்டர் முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஆபீஸே கூடிவிட்டது.

அதற்கப்புறம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முழுசாக வரவில்லை. இன்றைக்கும் மெல்லிய சத்தங்கள் சில அந்தக் காதில் விழுவதில்லை, சுற்றிலும் அமைதியானால் லேசாக உர்ர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிகிறது. டாக்டர் இரண்டாவது கோட்டைப் பார்த்துவிட்டு, "நீ அதிர்ஷ்டசாலி" என்றார். எனக்கு அந்த அதிர்ஷ்டம் துணிப்பையோடு நின்றிருந்தது நினைவுக்கு வந்தது.

முதலில் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததுமே, "வுடுங்க மேடம், காது கேக்குதா, அதைச் சொல்லுங்க" என்றார். அன்று அங்கேயே விட்டுவிட்டுப் போன அந்தக் கறுப்பு ஜோடியையே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்படியே அங்கிருந்து கிளம்பி, வழியில் ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போனேன். கணக்கு டியூஷன் மாமி வீட்டைப் பூக்கடைக்காரம்மா கைகாட்டினார். மாமிக்கு என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "ஸ்பீக்கர் கடை மாமி" என்றதும் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஆச்சு, சொல்லு, சொல்லு!"

நான் வாயைத் திறப்பதற்குள், "இரு, இரு, சொல்லாதே" என்று என் இடது பக்கம் வந்தார். தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் மாதிரி ஏதோ சொன்னார்.

"சாப்பிடறேன் மாமி. சக்கரை கொஞ்சமாப் போடுங்க" என்றேன்.

காபி சாப்பிடறியா என்றுதான் கேட்டிருந்தார். அவர் சிரித்த சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்! சின்னப் பெண் மாதிரி கைதட்டிச் சிரித்தார். "கேட்டுடுத்து! கேட்டுடுத்து!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். முதலில் என்ன சத்தம் கேட்டது, எப்படிக் கேட்டது என்று துருவித் துருவிக் கேட்டார். ஸ்டேப்ளர் கதையை இரண்டு முறை சொல்ல வைத்தார். பிறகு, "இரு, காபி கொண்டு வரேன்" என்று உள்ளே போனார்.

காபி வர வெகுநேரம் ஆனது. பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை வந்தது. அடுப்பை அணைக்கிற சத்தமும் கேட்டது. அதற்கப்புறமும் அவர் வரவில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தேன். ஏனோ போகவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அவர் டம்ளரோடு வந்தபோது முகம் கழுவியிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. "சக்கரை சரியா இருக்கா பாரு" என்றார். இருக்கிறது என்றேன்.

எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கிடைக்காத ஒன்று இன்னொருவருக்குக் கிடைத்த செய்தி காதில் விழும்போதெல்லாம், முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அப்புறம் தனியாகப் போய் அழுதுவிட்டு வரவும் ஒருவரால் முடியும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.